டக்ஸ்டன் குன்றின் ஜாதிக்காய்

இத்தாலியச் சமையலில் வாசனைக்கு என்ன போடுவார்கள் என்று கேட்டால் பேசில், ஒரேகானோ, ரோஸ்மேரி, பூண்டு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பீட்சா கடை மேசையில் இருக்கும் குட்டி ஜாடிகளே அதைச் சொல்லிக்கொடுத்துவிடும். அந்தப் பட்டியலில் ஜாதிக்காயை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் பசலைக்கீரையும் ரிகோட்டா பாலாடைக்கட்டியும் வைத்து மூடிய ராவியோலி, லசான்யா அடுக்குகளுக்கு நடுவில் ஊற்றும் பெஷமெல் என்கிற வெள்ளைச் சாறு, போலோன்யா நகரத்தின் தோர்த்தெலினி, மூன்றிலும் ஜாதிக்காய் உண்டு. துருவியில் இரண்டே இரண்டு தேய்ப்பு. அவ்வளவுதான்.

தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஐந்தாறு நிமிடம் நடந்தால் டக்ஸ்டன் ஹில் வந்துவிடும். வரிசையாகப் பழைய கடைவீடுகள். கீழ்த்தளங்களில் மதுக்கூடங்களும் ஐரோப்பிய உணவகங்களும், அவற்றில் இத்தாலிய உணவகங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் கூட்டம் இங்கேதான் வந்து சேரும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். இந்தக் குன்றில் உட்கார்ந்து நாம் ராவியோலி தின்னுகிற இடத்தில் சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்னால் ஜாதிக்காய்த் தோட்டம் இருந்தது. சமையலறைத் துருவியில் தேயும் அந்தக் கொட்டை ஒரு காலத்தில் இதே மண்ணில் காய்த்தது.

நான் சிவில் இன்ஜினியர். ஓரிடத்தைத் தோண்டுவதற்கு முன்னால் அங்கே முன்பு என்ன இருந்தது என்று பழைய வரைபடங்களைப் புரட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. சதுப்பு நிலமா, குன்றா, மயானமா, நிரப்பிய கடலா என்று தெரிந்தால்தான் அடித்தளத்தைப் பற்றிப் பேச முடியும். அப்படிப் பார்க்கும்போது நிலத்தோடு சேர்ந்து மனிதர்களும் வெளியே வருவார்கள். ஜாதிக்காய் விஷயத்தில் வந்தவர்களில் சிலர் தமிழர்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதும்கூட.

அடுத்த வீட்டு வாசனைகள்

இத்தாலிய வாசனைகள் நமக்கு ரொம்ப அந்நியம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அது தேய்ந்துவிடும். பேசில் என்பது திருநீற்றுப்பச்சிலை. ஃபலூடாவில் ஊறவைத்துப் போடும் சப்ஜா விதை அந்தச் செடியின் விதைதான். ரகம் வேறு, இனம் ஒன்று. சளி பிடித்தால் கசக்கிச் சாறு எடுக்கும் கற்பூரவல்லியை மேற்கே கியூபன் ஒரேகானோ என்றும் அழைக்கிறார்கள். ஒரேகானோவுக்கு மணம் தருவது கார்வக்ரால் என்கிற வேதிப்பொருள். ஓமத்துக்கு மணம் தருவது தைமால். இரண்டும் ஒரே வாய்பாடு கொண்ட உடன்பிறப்புகள். கற்பூரவல்லி இலையில் இரண்டுமே உண்டு. முதன்முறை பீட்சா தின்ற நம் பாட்டிமார்களுக்கு 'இதென்ன, ஓம வாசனை அடிக்குது' என்று தோன்றியிருந்தால் அவர்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

டஸ்கனி பகுதியில் ஃபினோக்கியோனா என்று ஒரு இறைச்சித் தொத்தல் உண்டு. அதன் உயிரே சோம்பு. ரோஸ்மேரியும் தைமும் இன்று நீலகிரியில் பயிராகின்றன. மிளகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரோமாபுரியின் மிளகு முசிறியிலிருந்து போனது. முதலாம் நூற்றாண்டில் பிளினி, ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரி, வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று விலை எழுதிவைத்துவிட்டு, இந்த உறைப்புக்காகவா இவ்வளவு தூரம் போகிறார்கள் என்று சலித்துக்கொண்டார். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் அகழாய்வு செய்தபோது இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு கிடைத்தது.

மிளகின் கதையை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அதில் நமக்கு ஒரு பெருமை. கப்பல் வந்தது, பொன் வந்தது, நாம் விற்றோம். ஜாதிக்காயின் கதையில் நாம் விற்றவர்கள் இல்லை. அதனால்தானோ என்னவோ அதை நாம் சொல்வதில்லை.

நமக்கு மருந்து, அவர்களுக்கு மணம்

தமிழுக்கு ஜாதிக்காய் பழைய சரக்கு. வெற்றிலையோடு சேரும் பஞ்சவாசத்தில் தக்கோலம், ஏலம், இலவங்கம், கற்பூரத்தோடு ஜாதிக்காயும் ஒன்று. ஆனால் அது தமிழ் மண்ணில் இயற்கையாக விளைந்ததில்லை. உலகத்துக்கே ஜாதிக்காய் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் போனது. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்குத் தீவுகளின் தென்பகுதியில் இருக்கும் பண்டா என்ற குட்டித் தீவுக்கூட்டம். எரிமலைச் சாம்பல் மண், கடற்காற்று, உயரமான கனாரி மரங்களின் நிழல். அங்கிருந்து ஜாவா, மலாக்கா, பிறகு சோழமண்டலக் கரை, மலபார், அலெக்சாந்திரியா, கடைசியில் வெனிஸ். வெற்றிலைப் பெட்டிக்குள் வந்த ஜாதிக்காயும் அந்தப் பாதையில் வந்து இறங்கியதுதான்.

நம் வீடுகளில் அது சமையலைவிட மருந்தில்தான் அதிகம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் உரைகல், வசம்பு, மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். தம்பி பிறந்த சமயம் பாட்டி தாய்ப்பாலில் ஜாதிக்காயை இழைப்பதைப் பார்த்திருக்கிறேன். "ஒரு இழைப்புப் போதும். ரெண்டு இழைச்சா புள்ள தூங்கிக்கிட்டே கிடக்கும்" என்பார். அளவு மீறினால் ஜாதிக்காய் நஞ்சு என்பது மருத்துவமும் சொல்வதுதான். அதிலுள்ள மிரிஸ்டிசின் மூளையைக் குழப்பும்.

இத்தாலியச் சமையல்காரர்களுக்கும் அந்த ஒற்றை இழைப்புத்தான் கணக்கு. பெல்லக்ரினோ அர்த்தூசி 1891இல் ஃபிளாரன்ஸில் சொந்தக் காசு போட்டு வெளியிட்ட சமையல் நூல்தான் இத்தாலிய வீட்டுச் சமையலுக்கு இன்றும் அடிப்படை நூல். அவர் ஜாதிக்காய்க்குப் பல இடங்களில் கிராம் கணக்குச் சொல்வதில்லை. 'ஜாதிக்காய் வாசனை' என்று மட்டும் எழுதுகிறார். 1974 டிசம்பர் 7ஆம் தேதி போலோன்யா வணிகக் கழகத்தில் தோர்த்தெலினியின் அதிகாரபூர்வ செய்முறையைப் பதிவு செய்தார்கள். இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் அளவு உண்டு. ஜாதிக்காய்க்கு அதிலும் 'வாசனை'தான். தனியாகத் தெரியக்கூடாது, ஆனால் இல்லையென்றால் எதுவோ குறைகிறது என்று நாக்குக்குத் தெரியவேண்டும். அதுதான் அதன் வேலை.

போலோன்யாக்காரர் பார்த்த தீவு

இத்தாலியில் ஜாதிக்காய்க்கு நோச்சே மொஸ்காத்தா என்று பெயர், கஸ்தூரி மணக்கும் கொட்டை. அது எந்த மரத்தில் காய்க்கிறது என்பது பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவுக்குத் தெரியாது. அதை முதலில் அச்சில் விவரித்தவர் தோர்த்தெலினி ஊர்க்காரரே. போலோன்யாவைச் சேர்ந்த லுதோவிகோ தி வர்தேமாவின் பயண நூல் 1510இல் ரோமில் வெளிவந்தது. கள்ளிக்கோட்டையையும் சோழமண்டலத்தையும் பற்றி எழுதிவிட்டு, கிழக்கே பண்டா வரை போனதாகச் சொல்கிறார். இந்தியாவைத் தாண்டி அவர் போகவே இல்லை, கேட்டதை எழுதினார் என்று சந்தேகப்படும் வரலாற்றாளர்கள் உண்டு. போனாரோ இல்லையோ, மரம் பீச் மரம் போலிருக்கும், கொட்டையைச் சுற்றி ஜாதிபத்திரி விரிந்த ரோஜா போல நிற்கும் என்று அவர் எழுதியது சரிதான்.

அவர் எழுதிய இன்னொரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. பண்டாவில் மரங்களுக்கு யாரும் பாடுபடுவதில்லை, அவை எல்லோருக்கும் பொது, யார் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பறித்துக்கொள்வார்கள் என்கிறார். தீவையும் மக்களையும் இழிவாகப் பேசுகிற அதே பக்கத்தில் இதையும் சொல்கிறார். மரத்துக்கு முதலாளி இல்லை என்பது அவருக்குக் காட்டுமிராண்டித்தனத்தின் அடையாளம்.

அடுத்த 110 ஆண்டுகளில் முதலாளி வந்துவிட்டார். 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு பண்டாவில் இறங்கினார். சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாகக் கணக்கிடப்படும் தீவுகளில் போரும் பட்டினியும் நாடுகடத்தலும் முடிந்தபோது ஆயிரம் பேரளவில்தான் எஞ்சினார்கள். ஜாதிக்காய்க் காடுகளைக் கம்பெனி தோட்டங்களாகப் பங்கு போட்டது. மரம் இருந்தது, பறிக்க ஆள் இல்லை. ஆகவே அடிமைகள் தேவைப்பட்டார்கள்.

இங்கேதான் நம் கரை வருகிறது. இந்தியப் பெருங்கடலில் டச்சுக்காரர்களின் அடிமை வணிகத்தை ஆராய்ந்த வரலாற்றாளர் மார்கஸ் விங்க் ஒரு கணக்குத் தருகிறார். 1622, 1623 ஆண்டுகளில் பழவேற்காடு, கடலூர் அருகிலுள்ள தேவனாம்பட்டினம் போன்ற சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்து 1,900க்கும் மேற்பட்ட அடிமைகளைக் கம்பெனி கப்பலேற்றிக் கிழக்கே கொண்டுபோனது. பஞ்சம் வந்த ஆண்டுகளில் மனிதரின் விலை விழும். கம்பெனி அப்போது அதிகம் வாங்கும். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி பஞ்சத்திலும் போரிலும் சிக்கியபோது அங்கிருந்து ஏற்றிய அடிமைகள் எட்டாயிரம் முதல் பத்தாயிரம். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள், மற்றவர்கள் பட்டாவியா, மலாக்கா என்று சிதறினார்கள்.

முசிறியை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். தேவனாம்பட்டினத்தை? இன்று கடலூர்க்காரர்களுக்கு அது சில்வர் பீச். ஞாயிற்றுக்கிழமை சுண்டல் வாங்கித் தின்னுகிற கடற்கரை.

ஏழு வருஷம் காத்திருக்கும் முதலீடு

நெப்போலியன் காலப் போர்களில் பிரிட்டிஷார் இரண்டு முறை பண்டாவைக் கைப்பற்றினார்கள். திருப்பிக் கொடுப்பதற்கு முன் செய்த புத்திசாலித்தனமான காரியம், ஆயிரக்கணக்கில் நாற்றுகளைப் பினாங்குக்கும் சுமத்திராவின் பெங்கூலனுக்கும் அனுப்பியது. பெங்கூலன் ஆளுநராக இருந்த ராஃபிள்ஸ், சிங்கப்பூரில் கொடி நட்ட அதே 1819இல் அங்கிருந்து 125 ஜாதிக்காய்ச் செடிகளையும் 1,000 விதைகளையும் இங்கே அனுப்பினார். இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் அவற்றை நட்டார்கள். 1822இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவர் நத்தானியேல் வாலிக் இங்கே வந்தபோது அந்தக் குன்றில் 48 ஏக்கரில் ஒரு தாவரவியல் பரிசோதனைத் தோட்டம் உருவானது. ஏழே ஆண்டுகளில், 1829இல், செலவு கட்டுப்படியாகாமல் அதை மூடிவிட்டார்கள். தஞ்சோங் பகாரின் மிக உயரமான கோபுரக் கட்டடத்தின் வாசல் இன்று வாலிக் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அவர் பெயரில் இருந்த குன்றை 19ஆம் நூற்றாண்டிலேயே வெட்டி, தெலுக் ஆயர் கடலை நிரப்பிவிட்டார்கள்.

அரசாங்கம் கைவிட்டதைத் தனியார் எடுத்துக்கொண்டார்கள். 1830களிலும் 40களிலும் சிங்கப்பூரில் வசதியுள்ள ஐரோப்பியர் அனைவருக்கும் ஜாதிக்காய்க் காய்ச்சல். டாக்டர்கள், வணிகர்கள், துறைமுக அதிகாரி, யாரும் மிச்சமில்லை. அறுவை மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லியின் கில்லினி எஸ்டேட், சார்ல்ஸ் கார்னியின் கேர்ன்ஹில், வில்லியம் ஸ்காட்டின் கிளேமோர். இன்றைய ஆர்ச்சர்ட் ரோட்டின் பெயரே அந்தத் தோட்டங்களால் வந்தது என்பார்கள். தஞ்சோங் பகார் பக்கம் டக்ஸ்டன் என்ற தோட்டம் டாக்டர் வில்லியம் மாண்ட்கோமரியுடையது. 1819இலேயே வந்த அறுவை மருத்துவர். கெட்டாப் பெர்ச்சா மரப்பாலை மேற்குலகின் கவனத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவரும் அவரே.

ஒரு முதலீடாகப் பார்த்தால் ஜாதிக்காய் மாதிரி மோசமான திட்டம் இருக்க முடியாது. மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. காய்ப்பது பெண் மட்டும். விதையைப் பார்த்தோ நாற்றைப் பார்த்தோ எது எதுவென்று சொல்ல முடியாது. பூக்கும்வரை ஐந்து முதல் ஏழு வருஷம் உரம் போட்டு, களை எடுத்து, நிழல் கொடுத்துக் காத்திருக்கவேண்டும். பூத்த பிறகு ஆண் மரங்களில் பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டு, மகரந்தத்துக்காகப் பத்துக்கு ஒன்று என்கிற மாதிரி விட்டுவைப்பார்கள். பாதி நாற்று வீண் என்று தெரிந்தே நடுகிற விவசாயம். நல்ல மகசூல் வர இன்னும் பல வருஷம். பழுத்த காய் வெடித்ததும் தினமும் பறிக்கவேண்டும். சிவந்த ஜாதிபத்திரியை உரித்துத் தனியே காயவைக்கவேண்டும். கொட்டையை மெல்லிய புகையில் வாரக்கணக்கில் உலர்த்தி, ஆட்டினால் உள்ளே பருப்பு கடகடவென்று சத்தம் போடும்வரை காத்திருந்து உடைக்கவேண்டும். எல்லாமே கைவேலை.

ஆக்ஸ்லி 1848இல் ஜாதிக்காய் வளர்ப்பு பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். குழி எவ்வளவு ஆழம், எரு எவ்வளவு, எத்தனை அடி இடைவெளி என்று ஒரு வடிவமைப்புக் கையேடு போலவே போகும் அந்த ஆராய்ச்சி. பண்டாவின் எரிமலை மண் தானாகக் கொடுத்ததைச் சிங்கப்பூரின் மழை கழுவிய செம்மண்ணில் வண்டி வண்டியாக எரு கொட்டித்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. அதைக் கொட்டியது யார் கை?

80 பேர்

1825 ஏப்ரல் 18ஆம் தேதி ஹொரேஷியோ என்ற கப்பல் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. அதில் 80 கைதிகள், எல்லோரும் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்தில் வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். பெங்கூலனை டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்ததால் அங்கிருந்த கைதிகளை இங்கே மாற்றினார்கள். பெங்கூலனில் இந்தியக் கைதிகளைச் சாலை போடுவதிலிருந்து மசாலாத் தோட்ட வேலை வரை எல்லாவற்றுக்கும் விட்டிருந்தார்கள். ஜாதிக்காய்ச் செடியும் அதைப் பார்த்துப் பழகிய மனிதர்களும் ஒரே ஊரிலிருந்து, ஆறு வருஷ இடைவெளியில், இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த 80 பேரில் ஒருவர் டக்ஸ்டனில் எரு சுமந்தார் என்று நான் சொல்லவில்லை. எஸ்டேட்டுகளில் சீனர்களும் ஜாவாக்காரர்களும் மற்றவர்களும் வேலை செய்தார்கள். நான் சொல்ல வருவது எளிமையானது. செடிகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது, 125. ஆட்களுக்கும் எண்ணிக்கை இருக்கிறது, 80. இரண்டுமே சரக்குப் பட்டியலில் வருகிற இலக்கங்கள். செடி தந்தவர்களுக்கும் நிலம் வைத்திருந்தவர்களுக்கும் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்கள் தெருக்களாகவும் இருக்கின்றன. ஆக்ஸ்லி ரோடு, ஸ்காட்ஸ் ரோடு, கேர்ன்ஹில் ரோடு, டக்ஸ்டன் ரோடு. இந்தியக் கைதிகள் 1873 வரை இந்த ஊரில் சாலை போட்டார்கள், சதுப்பை நிரப்பினார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். தெருவைப் போட்டவர்கள் பெயரில் தெரு இல்லை.

ஜாதிக்காய் நீடிக்கவில்லை. 1850களில் மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. வண்டு என்றார்கள், மண் ஓய்ந்துவிட்டது என்றார்கள், நோய் என்றார்கள். காரணம் எதுவானாலும் 1860களுக்குள் சிங்கப்பூரின் தோட்டங்கள் முடிந்துபோயின. மாண்ட்கோமரி 1856இல் இந்தியாவில் இறந்தார். டக்ஸ்டன் நிலம் கைமாறி, துண்டாகி, கடைவீடுகளாக எழுந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் நெருக்கியடித்துத் தங்கினார்கள். பக்கத்திலேயே 1903இல் ரிக்‌ஷா பதிவு நிலையம் வந்தது, அந்தக் கட்டடம் இன்னும் நீல் ரோடு முனையில் நிற்கிறது. 1980களின் கடைசியில் அந்தக் கடைவீடுகளைப் பாதுகாத்துப் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் ராவியோலி.

அம்மிக்கல்

ஜாதிக்காய் போனபிறகு தஞ்சோங் பகாரின் தொழில் கப்பல். 1864இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி தொடங்கியது. துறைமுகம் வளர வளரத் தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் தனித்துத் தெரிகிற ஒரு கூட்டம் கடையநல்லூர், தென்காசிப் பகுதித் தமிழ் முஸ்லிம்கள். கைத்தறி நொடித்துப்போன நெசவாளிகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து தஞ்சோங் பகாரைச் சுற்றிக் குடியேறினார்கள். மற்ற இந்திய முஸ்லிம் வணிகர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தபோது இவர்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். ஆண்கள் துறைமுகத்துக்குப் போனார்கள். பெண்கள் மசாலா அரைத்தார்கள்.

அது வீட்டுக்கு அரைப்பது இல்லை, பிழைப்புக்கு அரைப்பது. மஞ்சள், மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு என்று கல்லில் வைத்து அரைத்து உருண்டையாகச் சந்தையில் விற்றார்கள். மிக்சி இல்லாத காலத்தில் ஊருக்கெல்லாம் கறி வைக்க அந்த உருண்டைதான் வழி. இன்றும் தேக்கா ஈரச்சந்தையில் அரைத்த மசாலா விற்கிற கடையில் போய் நின்றால், மீனுக்கா, கோழிக்கா, எத்தனை பேருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார்கள். கேள்வி சின்னதுதான். ஆனால் அந்த மூன்று வார்த்தையில் ஒரு தொழில்நுட்பமே இருக்கிறது. மலாய் வீட்டுக்கு என்ன விகிதம், சீன வீட்டுக்கு என்ன விகிதம் என்று தெரிந்துவைத்திருந்த பெண்கள்தான் இந்த ஊரின் கறி ருசியைத் தீர்மானித்தவர்களில் ஒரு பகுதி. ஆக்ஸ்லி எழுதின மாதிரி அவர்கள் கட்டுரை எழுதவில்லை. விகிதம் கையில் இருந்தது.

அந்தக் காசு எங்கே போனது என்பதையும் சொல்லவேண்டும். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. போர் முடிந்த கையோடு 1946இல் தஞ்சோங் பகாரில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த பள்ளியாக 1982 வரை நடந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சந்தையில் மசாலா விற்றவர்களும் சேர்ந்து நின்ற ஒரு சமூகம் நடத்திய பள்ளி. சிங்கப்பூரில் இன்று தமிழில் எழுதுகிற, வாசிக்கிற நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று கணக்கெடுத்தால் அம்மிக்கல்லையும் அதில் சேர்க்கவேண்டியிருக்கும்.

அவர்கள் ஊருக்கு ஒரு தெரு கிடைத்தது. கடையநல்லூர் ஸ்ட்ரீட். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தின் முகவரி, எண் 1, கடையநல்லூர் ஸ்ட்ரீட். கோழிச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும் சுற்றுப்பயணிகள், டெலிவரி ஆட்கள், என்னை மாதிரி மதியச் சாப்பாட்டுக் கூட்டம், எல்லோர் கைபேசியிலும் தினமும் அந்தப் பெயர் வந்துபோகிறது. தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஒரு நெசவாளர் ஊரின் பெயர் அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆபீஸ் தோழர் ஒருவர் அதை ஏதோ மலாய்ச் சொல் என்று நினைத்திருந்தார். நான் சொன்னதும் "ஓ, அப்படியா" என்றார். பிறகு, "அந்த ஊர்க்காரங்க இங்க என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி.

இத்தாலியச் சாப்பாட்டில் ஜாதிக்காய் எப்படியோ, இந்த ஊரின் கதையில் தமிழ் உழைப்பும் அப்படித்தான், கரைந்து கிடக்கிறது, தனியாகத் தெரிவதில்லை என்று அழகாக ஒரு உவமை சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜாதிக்காய் தெரியாமல் இருப்பது சமையல்காரரின் திறமை. மனிதர்கள் தெரியாமல் போனது அப்படி இல்லை. தேவனாம்பட்டினத்தில் கப்பலேறியவர்களைக் கம்பெனி எண்ணியது, பெயர் கேட்கவில்லை. ஹொரேஷியோவில் வந்தவர்களை நாம் 80 பேர் என்கிறோம். மசாலா அரைத்தவர்களை 'கடையநல்லூர்ப் பெண்கள்' என்கிறோம். நானும் இந்தக் கட்டுரை முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் மூன்றும் ஒன்றில்லை. முதல் இரண்டு கூட்டத்தில் ஒருவரிடமும் இனிக் கேட்க முடியாது. மூன்றாவது கூட்டத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில், நம் பக்கத்து புளோக்கில் இருக்கிறார்கள். பலர் வீட்டில் அந்தக் கல்லும் இருக்கலாம்.

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்கிறது, தமிழிலும் பதிவுகள் உண்டு. ஆனால் காப்பகம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. கைபேசியில் ஒலிப்பதிவு செய்ய ஒரு பொத்தான் போதும். பெயர் என்ன, எந்த வருஷம் வந்தீங்க, எந்தச் சந்தையில உட்கார்ந்தீங்க, மீன் கறிக்கு எவ்வளவு சோம்பு. கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். அதற்குப் பதில் கிராமில் வராது, கையைக் குவித்துக் காட்டுவார்கள். அதை எப்படி எழுதிவைப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.